ஊமை மோட்டார்

கல்லாத்துத் தோட்டத்துப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வாத்தியார் வண்டிக்கு ஊமை மோட்டார் என்று பேர் வைத்திருந்தார்கள். புனிதன் சாருக்கு அந்தப் பேர் உள்ளுக்குள் பிடித்துத்தான் இருந்தது. வாத்தியார் ஆயிற்றே, வெளியே காட்டிக்கொள்ள முடியுமா? யாரடா சொன்னது என்று ஒரு முறை முறைப்பார். பிள்ளைகள் சிரிப்பை விழுங்கிக்கொண்டு வகுப்புக்குள் ஓடிவிடும்.

நாற்பத்தேழு வயது மனுஷனுக்கு வண்டி மேல் இத்தனை ஆசை வரலாமா என்று கேட்டால், வரலாம், வந்தது. ஆள் தெலுக் இந்தான் பக்கத்தவர். அங்கே நிலம் தோசைக்கல் மாதிரி கிடக்கும். சைக்கிளை நாலு மிதி மிதித்தால் அடுத்த கம்பம் வரைக்கும் அது பாட்டுக்குப் போகும். கேமரன் மலைக்கு மாற்றல் வந்தபோது மனைவி வாணி சட்டி பானையைக் கட்டிக்கொண்டிருக்க, இவர் முதல் வேலையாகச் சைக்கிளைத்தான் லோரியில் ஏற்றினார். மலை அவரை வைத்து நன்றாக விளையாடியது. தானா ராத்தா டவுனிலிருந்து தோட்டத்துக்கு ஏறுகிற ரோட்டில் முதல் வளைவோடு மூச்சு நின்றுபோகும். மிச்சத் தூரத்துக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு, வேர்த்து வழிந்து, சட்டை முதுகில் ஒட்டிப் போய்ப் பள்ளிக்கூடம் சேருவார். தேயிலைக் கொழுந்து ஏற்றப் போகிற லோரிக்காரன் வண்டியை மெதுவாக்கி, பின்னால் ஏறிக்கொள்ளச் சொல்லிக் கை காட்டுவான். அதுதான் அவருக்குப் பெரிய மானக்கேடு.

அப்புறம்தான் அந்த எலெக்ட்ரிக் மோட்டார் சைக்கிளை வாங்கினார். நல்ல வெள்ளை நிறம், நம்பர் பிளேட் இல்லாத ரகம். தோட்டத்துக்குள்ளே ஓட்டிக்கொள்ளுங்கள், பெரிய ரோட்டுக்குக் கொண்டுபோய்ப் போலீஸ் பிடித்தால் என்னைக் கேட்கக்கூடாது என்று விற்றவனே சொல்லித்தான் விற்றான். சார் நன்றாகத் தலையாட்டினார். தலையாட்டிவிட்டு மறுநாளே பெரிய ரோட்டில் ஓட்டிக்கொண்டு வந்தார். பள்ளிக்கூடத்தில் அறிவியலோடு சேர்த்து நன்னெறிக் கல்வி நடத்துகிறவரும் அவரேதான் என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்கு வாய் அரிக்கும்.

சும்மா சொல்லக்கூடாது, அதில் ஏறி உட்கார்ந்தால் சுகம்தான். பெட்ரோல் மோட்டார் ஏற்றத்தில் கத்துகிற கத்தலுக்குப் பக்கத்தில் ஒரு குருவி இருக்காது. இது சொன்ன பேச்சைக் கேட்டுக்கொண்டு தன்பாட்டுக்கு ஏறும். ஏறின பிறகு வருகிற இறக்கம் இருக்கிறதே, இந்த மனுஷன் உசிரோடு இருப்பதே அதுக்குத்தான் என்று வாணி சொல்வாள். ரெண்டு பக்கமும் தேயிலை மலை. முகத்தில் பனி ஈரமாக வந்து படியும். காதில் காற்றைத் தவிர வேறு சத்தம் இல்லாததால் மற்ற எல்லாம் கேட்கும். கீழே ஓடையில் தண்ணீர் போவது கேட்கும், மேல் மலையில் யாரோ கத்திரி போட்டுக் கொழுந்து வெட்டுவது கேட்கும். வரிசையாக ஒட்டிக் கட்டிய லயத்து வீடுகளைத் தாண்டும்போது கடுகு தாளிக்கிற வாசம் மூக்கில் ஏறும். அப்போது சார் ரெண்டு காலையும் பக்கவாட்டில் நீட்டிக்கொள்வார், வாயில் ஏதாவது ஒரு பாட்டு வந்துவிடும். எதிரே ஆள் தெரிந்தால் காலை மடக்கிக்கொண்டு வாத்தியாராகிவிடுவார்.

அந்த இறக்கத்தில் பாதி வழியில் முனியாண்டி கோயில் வளைவு. கோயில் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். மரத்தடியில் ஒரு தகரக் கூரை, அரிவாளோடு முனியாண்டி, பக்கத்தில் சிமெண்டில் செய்த வெள்ளைக் குதிரை, அவ்வளவுதான். ஆனால் அந்த வளைவில் ஹார்ன் அடிக்காமல் எந்த வண்டியும் போகாது. முனிக்கு மரியாதை அது. தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி கார் அடிக்கும், லோரி அடிக்கும், வேலைக்கு வந்திருக்கிற பங்களாதேஷ் பையன்கள்கூடப் பார்த்துப் பழகி அடிக்கிறார்கள். அதனால் நடந்து போகிறவர்களுக்கும் ஒரு பழக்கம் வந்துவிட்டது. அந்த இடத்தில் ஹார்ன் கேட்டால் யாரும் ஒதுங்க மாட்டார்கள். அது சாமிக்கு அடித்தது, ஆளுக்கு அடித்தது இல்லை. நின்று கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுவார்கள். ஒதுங்க வேண்டுமா இல்லையா என்பதை வண்டி இரைச்சலை வைத்துத்தான் முடிவு செய்வார்கள்.

இரைச்சலே இல்லாத வண்டி வந்தால் என்ன ஆகும் என்று யாரும் யோசிக்கவில்லை. அறிவியல் வாத்தியாரும் யோசிக்கவில்லை.

பள்ளி விடுமுறையில் ஒரு சனிக்கிழமை. பள்ளிக்கூடத்தில் கொஞ்சம் வேலை இருக்கிறது என்று வாணியிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். வேலையாவது மண்ணாவது. ஏறிப்போய் இறங்கி வருவதற்காகவே ஏறினார். மேலே போனதும் மழை தூறி, மஞ்சு அடர்த்தியாக இறங்கிவிட்டது. வாணி வாங்கித் தந்த வெள்ளை ரெயின் கோட்டை மாட்டிக்கொண்டு வண்டியை இறக்கத்தில் விட்டார். பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. மெதுவாகப் போயிருக்கலாம், போகவில்லை. மேகத்துக்குள்ளே பறக்கிற மாதிரி இருந்தது அவருக்கு. அந்தச் சுகத்தை யார் விடுவார்?

வளைவில் வழக்கம்போல ஹார்ன் அடித்தார். அடித்து முடிப்பதற்குள் நடு ரோட்டில் ஒரு பொம்பளை ஆள் நிற்கிறது. கையில் கீரைப் பை, கோயில் பக்கம் திரும்பிக் கும்பிட்டபடி. பிரேக்கைப் பிடித்தார், ஈரத்தில் வண்டி சறுக்கிக்கொண்டு போனது. கைப்பிடி அவள் பையில் மாட்டி இழுத்தது. ஆள் ஒரு சுற்றுச் சுற்றிக் கால்வாயோரம் விழுந்தது அவருக்குத் தோளுக்குப் பின்னால் தெரிந்தது. வண்டி விழவில்லை. விழுந்திருந்தால் தேவலை என்று பிற்பாடு எத்தனையோ தடவை நினைத்துக்கொண்டார்.

கொஞ்சம் கீழே போய் நிறுத்தினார். திரும்பிப் பார்த்தால் மஞ்சுதான். ஆனால் குரல் நன்றாகக் கேட்டது. அது காளியம்மா குரல். அறுபது தாண்டிய மனுஷி, கொழுந்து மலையிலேயே தேய்ந்த ஆள், பேரப் பிள்ளைகள் லீவுக்கு வந்தால் பள்ளிக்கூடத் திடலுக்குக் கூட்டிக்கொண்டு வருவாள். வலியில் கத்துகிற மாதிரி இல்லை அது, யாரையோ பார்த்துப் பேசுகிற மாதிரி இருந்தது.

"வந்துட்டியா அப்பா, வந்துட்டியா" என்றாள்.

 திரும்பிப் போகவேண்டும் என்று புனிதன் சாருக்குத் தெரியும். தெரியாமல் ஒன்றும் செய்துவிடவில்லை. நம்பர் இல்லாத வண்டி, போலீசுக்குப் போனால் கல்வி இலாகா வரைக்கும் போகும், துணைத் தலைமையாசிரியர் பதவிக்குத் தன் பேர் போயிருக்கிறது என்று ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. அந்த நேரம் பார்த்து மேலேயிருந்து வேலையாட்கள் லோரி இறங்கி வருகிற இரைச்சல் கேட்டது. அது நின்றது. பையன்கள் குதித்து ஓடுகிற சத்தமும், அம்மா அம்மா என்று கூப்பிடுகிற சத்தமும் கேட்டன. அப்பாடா, ஆள் வந்துவிட்டார்கள் என்று சார் நினைத்தார். நினைத்துக்கொண்டே கைப்பிடியைத் திருகினார். வண்டி ஒரு சத்தமும் போடாமல் அவரைக் கீழே கொண்டுபோய்ச் சேர்த்தது.

வீட்டில் ரெயின் கோட்டைக் கழற்றும்போது வாணி, என்ன முகம் இப்படி இருக்கிறது என்று கேட்டாள். குளிர் என்றார்.

மறுநாள் காலையில் டவுனில் ஜலால் பாய் கடைக்கு ரொட்டி சானாய் வாங்கப் போனால், கடை முழுக்க அதே பேச்சு. ஜலால் பாய் கடைக்கு வராத செய்தி கேமரன் மலையில் நடக்காத செய்தி. காளியம்மாவுக்கு வலது கை மணிக்கட்டு முறிந்து மாவுக்கட்டுப் போட்டிருக்கிறதாம், இடுப்பில் நல்ல அடியாம். யார் இடித்தது என்று கேட்டால் முனியாண்டி என்கிறாளாம். ஹார்ன் கேட்டதாம், வண்டிச் சத்தம் சுத்தமாக இல்லையாம். வெள்ளையாக ஒன்று காற்று மாதிரி வந்து இழுத்துப் போட்டுவிட்டு மஞ்சுக்குள் மறைந்துவிட்டதாம். முனிக்கு வெள்ளைக் குதிரைதானே வாகனம்? லோரியில் வந்த பையன்களும் தாங்கள் எந்த வண்டியையும் பார்க்கவில்லை என்று சொல்லிவிட்டார்கள். இதைக் கேட்ட பிறகு தோட்டத்தில் யாருக்கும் சந்தேகம் இல்லை.

ஜலால் பாய் குவளையில் தே ஆற்றிக்கொண்டே சாரைப் பார்த்துக் கண்ணடித்தார்.

"சார், உங்க மோட்டாரும் சத்தம் போடாதுலா. நீங்கதான் முனியாண்டியோ?"

கடையே சிரித்தது. சாரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியவில்லை. ஜலால் பாய் உடனே, சும்மா விளையாட்டுக்குச் சொன்னேன், சார் மாதிரி ஆள் இடித்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடியிருப்பார் என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ரெண்டு பேர் ஆமாம் ஆமாம் என்றார்கள். செருப்பால் அடித்திருந்தால்கூடச் சாருக்கு அவ்வளவு வலித்திருக்காது. கட்டிய ரொட்டியை வாங்கிக்கொண்டு யார் முகத்தையும் பார்க்காமல் வாணியின் காரில் ஏறினார்.

அதற்கப்புறம் மோட்டாரைத் தொடவில்லை. பள்ளிக்கூடம் திறந்ததும் காரில்தான் போய்வந்தார். பேட்டரி சரியில்லை என்று பிள்ளைகளுக்கு ஒரு பொய், வாணிக்கும் அதே பொய். முனி வளைவு வந்தால் ஹார்ன் அடிக்கக் கை வரவில்லை, அடிக்காமல் போகவும் பயமாக இருந்தது. ஆஸ்பத்திரிக்கு ஒரு தடவை போனார். வார்டு வாசல் வரைக்கும் போய், உள்ளே தோட்டத்து ஆட்கள் நிற்பதைப் பார்த்துவிட்டு, மருந்து வாங்க வந்தவர் மாதிரித் திரும்பிவிட்டார். நன்னெறிப் பாடத்தில் நேர்மை என்கிற பகுதி வந்தபோது அதைத் தாண்டி அடுத்த பகுதிக்குப் போனார். த்தூ என்று தன்னைத்தானே துப்பிக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

இதுவரைக்கும் இருந்தது ஒரு வெட்கம். அந்த வாரம் வெள்ளிக்கிழமைக்கு அப்புறம் வந்தது அதைத் தூக்கிச் சாப்பிடுகிற வெட்கம்.

வெள்ளிக்கிழமை முனியாண்டி கோயிலில் காளியம்மா பேரில் பூசை என்று லயத்தில் எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். வாணி போனாள், இவர் தலைவலி என்று படுத்துக்கொண்டார். பொழுது சாயத் திரும்பி வந்தவள், சோற்றைப் போட்டு வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துத் துடைத்து நடந்ததைச் சொன்னாள்.

காளியம்மா வீட்டில் அவளோடு இருப்பது அவள் புருஷனின் தங்கை ரஞ்சிதம். கல்யாணம் ஆகாதவள், ஐம்பதைத் தாண்டிவிட்டாள். புருஷன் செத்துப்போய், பிள்ளைகளும் கோலாலம்பூருக்குப் போய்விட, அண்ணியும் நாத்தனாரும்தான் அந்த லயத்து வீட்டில் ஒருத்திக்கு ஒருத்தி. சின்ன வயதில் ரஞ்சிதத்தைப் பெண் கேட்டுத் திரிங்காப்பிலிருந்து ஒரு லோரி டிரைவர் வீட்டில் வந்தார்கள். மாப்பிள்ளையை அவளுக்குப் பிடித்துப்போயிற்று. அப்போது காளியம்மாவுக்குக் கைக்குழந்தை ஒன்று, இடுப்பில் ஒன்று, பாயில் கிடக்கிற மாமியார் வேறு. ரஞ்சிதம் போய்விட்டால் இந்தக் குடும்பத்தை ஒண்டியாக எப்படி இழுப்பது என்று பயந்து, அந்தப் பெண்ணுக்கு வலிப்பு வரும் என்று மாப்பிள்ளை வீட்டுக்குச் சொல்லி அனுப்பினாள். சம்பந்தம் முறிந்தது. வலிப்புக்காரி என்கிற பேச்சு மலை முழுக்கப் பரவி, அப்புறம் யாரும் பெண் கேட்டு வரவே இல்லை. யார் சொன்னது என்று ரஞ்சிதம் அழுதுகொண்டு கேட்டபோது, காளியம்மா முனி வளைவுக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோய்ச் சூடம் ஏற்றிச் சத்தியம் செய்தாள். நான் சொல்லியிருந்தால் முனி என்னை இதே ரோட்டில் அடித்துப் போடட்டும் என்றாள். ரஞ்சிதம் நம்பிவிட்டாள்.

இதையெல்லாம் அந்த மனுஷி மாவுக்கட்டுக் கையோடு நின்று, லயத்து ஜனம் அத்தனை பேர் முன்னாலும் சொன்னாளாம். ரஞ்சிதமும் அங்கேதான் நின்றாளாம். முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்துவிட்டாளாம்.

புனிதன் சார் சோற்றுத் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மஞ்சுக்குள் அவள் யாரை வந்துட்டியா என்று கேட்டாள் என்பது இப்போது விளங்கியது. அன்றைக்குத் திரும்பி நாலடி நடந்திருந்தால் போதும். நான்தான் அம்மா, வண்டி சறுக்கிவிட்டது என்று ஒரு வார்த்தை. காளியம்மா வாயே திறந்திருக்க மாட்டாள். அந்த ரகசியம் அவளோடு மண்ணுக்குள் போயிருக்கும். அப்படிப் போயிருப்பது நல்லதா, வெளியே வந்தது நல்லதா என்று அவருக்குத் தெரியவில்லை. தன்னுடைய கோழைத்தனம் ரெண்டு கிழவிகள் வீட்டுக்குள் புகுந்து கூரையைப் பிய்த்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது.

அடுத்த நாட்களில் பேச்சு இன்னும் கேவலமாகப் போயிற்று. சாமி அடித்த பொம்பளை என்று காளியம்மா வீட்டுப் பக்கம் யாரும் போவதில்லையாம். அவள் வீட்டிலிருந்து அனுப்பிய பொங்கலை ஒரு வீட்டில் வாங்கவில்லையாம். இதைக் கேட்டதும் சார் ஒரு முடிவுக்கு வந்தார். உண்மையைச் சொல்லிவிடுவது. சாமி அடிக்கவில்லை, இந்தப் பாவிதான் அடித்தேன் என்று சொன்னால் அவள் மேலிருக்கிற அந்தப் பேராவது போகும். போலீசுக்குப் போனால் போகட்டும், பதவி போனால் போகட்டும். இப்படி நினைத்ததும் அவருக்கு நெஞ்சு லேசாயிற்று. தன் நெஞ்சு லேசாவதற்காகத்தான் போகிறோமோ என்று ஒரு நிமிஷம்கூட அவர் யோசிக்கவில்லை.

அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனார். காளியம்மா முன்னறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், மாவுக்கட்டுக் கை மடியில் கிடந்தது. சாரைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தாள், வேண்டாம் என்று தடுத்தார். தோட்டத்தில் வாத்தியார் வீட்டுக்கு வருவது பெரிய விஷயம். பின்கட்டில் ரஞ்சிதம் ரசம் கொதிக்கவிடுகிற வாசம் வந்தது. சாருக்குத் தே போடச் சொல்லிக் காளியம்மா உள்ளே குரல் கொடுத்தாள்.

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, உள்ளே கேட்காத குரலில் சொல்லிவிட்டார். வண்டி, மஞ்சு, சறுக்கல், கைப்பிடியில் மாட்டிய பை எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது வேர்த்திருந்தது.

காளியம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள்.

"ஹார்ன் அடிச்சது நீங்களா?"

"நாந்தாம்மா."

"வெள்ளையா இருந்துச்சே."

"ரெயின் கோட்டும்மா. வண்டியும் வெள்ளைதான்."

"நிக்காமலா போனீங்க?"

"நின்னேன். கீழ போய் நின்னேன்."

"அப்ப நான் கூப்பிட்டது கேட்டுச்சு."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.  பூமி பிளந்து தன்னை விழுங்காதா என்றிருந்தது. அவள் திட்டுவாள், கத்துவாள், நாலு பேரைக் கூப்பிடுவாள் என்று எதிர்பார்த்தார். வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் வந்திருந்தார். காளியம்மாவோ பின்கட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்துவிட்டு, நாற்காலியை விட்டு முன்னால் சாய்ந்தாள்.

"சார், இதை வேற யாருகிட்டயாச்சும் சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றார்.

"சொல்லக்கூடாது. வீட்டம்மாகிட்டகூடச் சொல்லக்கூடாது."

அவருக்குப் புரியவில்லை. நாளைக்கே லயத்தில் எல்லோரிடமும் சொல்லி, அவள் மேலிருக்கிற பேரைத் துடைத்துவிடத்தான் வந்தேன் என்றார். காளியம்மாவுக்கு அப்போதுதான் கோபம் வந்தது. குரலை உயர்த்தாமலே வந்தது.

"என் பேரை நீங்க தொடைக்க வேணாம் சார். அந்தப் பேரு எனக்குச் சேர வேண்டியதுதான். அவ ரெண்டு நாளு என் மொகத்தைப் பாக்கல. இந்தக் கையை வச்சுக்கிட்டு நான் பட்டினியா கெடந்தேன். மூணாம் நாளு தட்டை எடுத்துக்கிட்டு வந்து ஊட்டுனா. முனி அடிச்சிட்டாருல்ல அண்ணி, அதுக்கு மேல நான் என்ன செய்யறதுன்னு கேட்டா. அவ என்னை மன்னிச்சது அந்த அடிக்காக சார். இப்ப அது உங்க மோட்டாருன்னு சொன்னா, அவளுக்காக அடிச்சவரு யாரு? அவளுக்குன்னு கேட்டவரு யாரு? ஒருத்தரும் இல்லன்னு ஆயிடாதா?"



"அப்ப நான் செஞ்சதுக்கு என்னம்மா பண்றது?" என்று சார் கேட்டார். சின்னப் பிள்ளை கேட்கிற மாதிரி இருந்தது அது.

"அதை நீங்களே வச்சுக்குங்க. நான் வச்சிருக்கலயா இம்புட்டு வருஷம்?"

உள்ளேயிருந்து காலடிச் சத்தம் வந்தது. ரஞ்சிதம் ஒரு கையில் தேயும் இன்னொரு கையில் சோற்றுத் தட்டுமாக வந்தாள். மெலிந்த உடம்பு, நரைத்த முடியை இழுத்துக் கொண்டை போட்டிருந்தாள். தேயைச் சார் பக்கத்தில் வைத்தாள். முக்காலியை இழுத்து அண்ணி பக்கத்தில் உட்கார்ந்து, சோற்றில் ரசத்தை ஊற்றிப் பிசைய ஆரம்பித்தாள். சார் வந்தது நல்லதாகப் போயிற்று, தானே வந்து பார்க்க வேண்டும் என்று இருந்ததாகச் சொன்னாள். பேய் பிசாசு எதுவும் இல்லை, எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது என்று சார் வகுப்பில் சொல்லிக் கொடுப்பதாகப் பிள்ளைகள் சொல்லுமாம். லயத்திலும் ஒன்றிரண்டு பேர், அது ஏதோ வண்டியாகத்தான் இருக்கும், கிழவி மஞ்சுக்குள் பயந்துபோய் உளறுகிறது என்று பேசிக்கொள்கிறார்களாம்.

அவள் பிசைவதை நிறுத்தினாள்.

"நீங்க படிச்சவங்க சார். பொய் சொல்ல மாட்டீங்க. நெசமாவே அது முனிதானா?"

காளியம்மா மடியில் கிடந்த தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் இடது கை விரல்கள் மாவுக்கட்டு விளிம்பை இறுக்கிப் பிடித்திருந்தன.  ஒரு வாரமாகப் புனிதன் சார் மனதுக்குள் சொல்லிப் பார்த்து வைத்திருந்த உண்மை தொண்டை வரைக்கும் வந்து நின்றது. கேட்பவளோ கேட்க உரிமை உள்ளவள். இந்த உலகத்திலேயே அந்த உண்மையைக் கேட்க அவளைவிட உரிமை உள்ளவள் யாரும் இல்லை.

"முனிதாம்மா" என்றார். "வேற யாரு?"

குரல் பிசிறவே இல்லை. பாடம் நடத்துகிற குரலில் தெளிவாக வந்தது. அன்றைக்கு ஓடிப்போனதைவிட அதுதான் அவருக்கு அவமானமாக இருந்தது.

 ரஞ்சிதம் தலையை ஆட்டிக்கொண்டு, ஒரு கவளம் எடுத்து அண்ணி வாயில் வைத்தாள். அவள் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைக்கக் கை ஒழிவில்லாததால் தோளில் தேய்த்துக்கொண்டாள்.

"அப்ப சரி" என்றாள். "யாருமே பாக்கலன்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன் சார். இத்தன வருஷமும் அவரு பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு."

சாரைப் பார்த்து, தே ஆறிவிடும், குடியுங்கள் என்றாள். அவர் எடுத்துக் குடித்தார்.